மூடியைத் திறக்காமல் நலம் விசாரிப்பது: செல் வளர்ப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

உடலிலிருந்து எடுத்த செல்களை உடலுக்கு வெளியே பிளாஸ்க்கில் வளர்ப்பதுதான் செல் வளர்ப்பு. அதற்குப் புதிதாக வந்தவர் முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, பிளாஸ்க்குகளைச் சூடும் ஈரமும் மாறாமல் வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறப்பார். அக்கறைதான் காரணம். ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது, ஈரம் போகிறது, சூடு இறங்குகிறது. பிளாஸ்க்கின் மூடியையும் திறந்தால் கிருமி நுழைய ஒரு வழி கொடுத்தாயிற்று. எத்தனை செல்கள் இருக்கின்றன என்று எண்ணுவதற்காக ட்ரிப்சின் (ஒட்டியிருக்கும் செல்களை விடுவிக்கும் நொதி) ஊற்றிப் பெயர்த்தால் எண்ணிக்கை கிடைக்கும், ஆனால் எண்ணிய அந்த வளர்ப்பு கையை விட்டுப் போய்விடும்.

மூடியைத் திறக்காமல், செல்களைத் தொடாமல் அவற்றின் நிலையை எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ளலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதில் பெரும்பகுதிக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கண், ஒரு தராசு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணோக்கி ஆகியவை போதும். சென்சார் வகைகளைக் கடைசியில் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒட்டி வளரும் இரண்டு செல் வகைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹீலா. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் சம்மதம் கேட்காமல் எடுக்கப்பட்டது. இன்று உலகம் முழுக்க வளர்கிறது. இன்னொன்று வீரோ. 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது. கோவாக்சின் தடுப்பூசிக்கான வைரஸ் வளர்க்கப்பட்டதும் வீரோ செல்களில்தான். இந்தியாவில் செல் வகைகளுக்கான தேசியக் களஞ்சியம் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பக்கத்து ஆய்வகத்தில் கைமாறிக் கைமாறி வந்த செல்லை வாங்காமல், இப்படிப்பட்ட இடத்திலிருந்து வாங்குவது நல்லது.

முதல் படி: சாட்சி பிளாஸ்க்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். செல்களை வளர்க்கும் அதே மீடியத்தை (ஊட்டத் திரவத்தை), அதே அளவில், அதே வகை பிளாஸ்க்கில், செல் எதுவும் போடாமல் நிரப்பி, உங்கள் பிளாஸ்க்குகளுக்குப் பக்கத்திலேயே இன்குபேட்டரில் வையுங்கள். டி-25 பிளாஸ்க் (தரைப் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர்) என்றால் 5 மில்லிலிட்டர். இதை நான் சாட்சி பிளாஸ்க் என்று சொல்வேன்.

எதற்கு இது? பிளாஸ்க்கில் ஒரு மாற்றம் தெரிந்தால் அதற்குக் காரணம் செல்லா, செல் இருக்கும் இடமா என்ற கேள்வி எப்போதும் வரும். சாட்சி பிளாஸ்க்கும் சேர்ந்து மாறியிருந்தால் கோளாறு இன்குபேட்டரில், அல்லது மீடியத்தில். சாட்சி அப்படியே இருந்து, செல் இருக்கும் பிளாஸ்க் மட்டும் மாறியிருந்தால் செல்களிடம் ஏதோ நடக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

நான் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதத்தில் எங்கள் பிளாஸ்க்குகள் எல்லாம் ஒரு வாரமாக ரோஜா நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. செல்கள் மெதுவாக வளர்ந்தன. மீடியத்தின் மேல் சந்தேகப்பட்டு மாற்றினோம். பிறகு மீடியத்தில் சேர்க்கும் சீரத்தை (இரத்தத்தின் தெளிநீரை) மாற்றினோம். இன்குபேட்டரின் திரை 5.0 சதவீதம் என்று உறுதியாகக் காட்டிக்கொண்டிருந்ததால் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் இன்னொரு துறையிலிருந்து கைமீட்டர் ஒன்றை வாங்கி வந்து உள்ளேயிருக்கும் காற்றை அளந்தபோது கார்பன் டை ஆக்சைடு 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. உள்ளே இருந்த சென்சார் மெல்ல மெல்லத் தவறிப்போயிருந்தது. அன்று ஒரு சாட்சி பிளாஸ்க் உள்ளே இருந்திருந்தால் முதல் நாளே அதுவும் ரோஜாவாக மாறிக் காட்டியிருக்கும். இரண்டு வார வேலை மிஞ்சியிருக்கும்.

சாட்சியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வையுங்கள். அதற்குள் அது கலங்கினால் உங்கள் மீடியம் பாட்டிலிலேயே கிருமி இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம். அதுவும் அதன் சாட்சிதான்.

இரண்டாம் படி: நிறத்தைப் படிக்கக் கற்பது

மீடியத்தின் சிவப்புக்குக் காரணம் பினால் ரெட் என்ற சாயம். செல்லுக்கு அது உணவில்லை. நமக்காகத்தான் போட்டிருக்கிறது. பி.எச். 7.4 அருகே சிவப்பு. 7.0-க்கு வந்தால் ஆரஞ்சு. 6.5-இல் மஞ்சள். மேலே போனால் 7.6-இல் ரோஜா, 7.8-இல் ஊதா கலந்த நிறம். மூடியைத் திறக்காமல் படிக்கக்கூடிய முதல் அளவுமானி இதுதான்.

இந்த நிறம் எங்கே நிற்க வேண்டும் என்பது இரண்டு பொருள்களின் இழுபறியில் தீர்மானமாகிறது: மீடியத்தில் கரைந்திருக்கும் சோடியம் பைகார்பனேட், இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு. பைகார்பனேட் பி.எச்.சை மேலே தூக்கும், வாயு கரைந்து அமிலமாகிக் கீழே இழுக்கும். ஆகவே உங்கள் மீடியத்தில் பைகார்பனேட் எவ்வளவு என்று பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். ஆர்.பி.எம்.ஐ. 1640 மீடியத்தில் லிட்டருக்கு 2 கிராம். 5 சதவீத வாயுவில் கணக்குப் போட்டால் பி.எச். ஏறக்குறைய 7.4 வருகிறது. டி.எம்.ஈ.எம். மீடியத்தில் லிட்டருக்கு 3.7 கிராம். அது 10 சதவீத வாயுவுக்கென்று வகுக்கப்பட்டது. அதை 5 சதவீதத்தில் வைத்தால் கணக்கு 7.7-க்குப் போய்விடும். பெரும்பாலான ஆய்வகங்களில் டி.எம்.ஈ.எம்.மை 5 சதவீதத்தில்தான் வைக்கிறார்கள். செல்கள் வெளியிடும் அமிலம் பி.எச்.சைக் கீழே கொண்டுவந்துவிடுவதால் வளர்ப்பு நடக்கிறது. ஆனால் புதிதாக மீடியம் மாற்றிய, செல் குறைவாக உள்ள பிளாஸ்க் சற்று ரோஜாவாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

வெறும் நினைவை வைத்து நிறத்தை மதிப்பிடாதீர்கள். நேற்றைய சிவப்பு எப்படி இருந்தது என்று இன்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மதியம் ஒதுக்கி நிற ஏணி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பினால் ரெட் உள்ள, பைகார்பனேட் இல்லாத உப்புக் கரைசல் ஒன்றில் 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் (பி.எச்.சை அசையாமல் பிடித்து வைக்கும் பொருள்) சேருங்கள். பி.எச். மீட்டரை வைத்துக்கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு 6.5, 6.8, 7.0, 7.2, 7.4, 7.6, 7.8 என்று ஏழு பகுதிகளாகச் சரிசெய்யுங்கள். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நீங்கள் பயன்படுத்தும் அதே வகை டி-25 பிளாஸ்க்குகளில் ஐந்து ஐந்து மில்லிலிட்டர் ஊற்றி, காற்றுப் போகாத மூடியை இறுக்கி, மேலே பாராஃபில்ம் சுற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

இதில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. சாயத்தின் அடர்த்தி மீடியத்துக்கு மீடியம் வேறுபடும். டி.எம்.ஈ.எம்.மில் லிட்டருக்கு 15 மில்லிகிராம், ஆர்.பி.எம்.ஐ.யில் 5 மில்லிகிராம். ஒரே பி.எச்.சிலும் ஆர்.பி.எம்.ஐ. வெளிறித்தான் தெரியும். உங்கள் மீடியத்தில் எவ்வளவு சாயம் இருக்கிறதோ அதே அளவு ஏணியிலும் இருக்க வேண்டும்.

படிக்கும் முறை இது. பிளாஸ்க்கை வெளியே எடுத்ததும் முதல் நிமிடத்துக்குள் வெள்ளைக் காகிதத்தின் மேல், எப்போதும் ஒரே விளக்கின் கீழ், ஏணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரம் தள்ளினால் வாயு வெளியேறி மீடியம் தானாகவே ரோஜா பக்கம் நகரும். பிறகு நீங்கள் படிப்பது இன்குபேட்டரின் நிலையை அல்ல, அறையின் நிலையை. கைபேசியில் படம் எடுத்து வைப்பதாக இருந்தால் வெள்ளைக் காகிதமும் ஏணியும் அதே படத்தில் விழ வேண்டும். கைபேசி ஒவ்வொரு முறையும் நிறத்தைத் தன் போக்கில் திருத்திக்கொள்ளும்.

நிறம் என்ன சொல்கிறது? மூன்று நாளில் மெதுவாக ஆரஞ்சாகி, நுண்ணோக்கியில் செல்கள் நிறைந்து தெரிந்தால், அவை குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கழிக்கின்றன. மீடியம் மாற்றும் நேரம், அல்லது செல்களைப் பெயர்த்துப் புதிய பிளாஸ்க்குகளில் பிரித்து வைக்கும் நேரம். நேற்று சிவப்பாக இருந்தது இன்று காலை எலுமிச்சை மஞ்சளாகி, ஆட்டினால் மேகம் போலக் கலங்கினால் அது பாக்டீரியா. அந்த பிளாஸ்க்கை ஹூட்டுக்குள் (கிருமி படாமல் மூடி திறந்து வேலை செய்யும் பெட்டிக்குள்) கொண்டு போகவே கூடாது. செல் உள்ள பிளாஸ்க் ரோஜாவாகி, சாட்சியும் ரோஜாவாகியிருந்தால் வாயுவைப் பாருங்கள். செல் உள்ளது மட்டும் ரோஜாவாக நின்றால் முதலில் மூடியைப் பாருங்கள். வடிகட்டி இல்லாத மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக மூடிவிட்டால் வாயு உள்ளே போகாது. மூடி சரியாக இருந்து நிறம் நான்கு நாளாக அசையவே இல்லை என்றால் செல்கள் உண்ணவில்லை என்று பொருள். சில சமயம் பூஞ்சையும் பி.எச்.சை ஏற்றும். அதை நுண்ணோக்கி காட்டிவிடும்.

ஒளிர்வு அளவீடுகள் செய்கிறவர்கள் பினால் ரெட் இல்லாத மீடியத்தைப் பயன்படுத்துவார்கள், சாயம் இடையூறு செய்யும் என்பதால். மார்பகப் புற்றுச் செல்களில் ஹார்மோன் ஆய்வு செய்கிறவர்களும் அப்படியே. பினால் ரெட்டுக்கு லேசான ஈஸ்ட்ரோஜன் தன்மை உண்டு என்று 1986-இலேயே காட்டப்பட்டது. அந்த வேலைகளில் செல்லுக்குச் சாயமில்லாத மீடியமும், சாட்சிக்கு மட்டும் சாயமுள்ள மீடியமும் வையுங்கள்.

மூன்றாம் படி: நுண்ணோக்கியில் ஒரே இடத்தைப் பார்ப்பது

உயிருள்ள செல் ஏறக்குறைய நிறமற்றது. சாதாரண ஒளியில் அது தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு மாதிரிதான். சாயம் ஏற்றினால் தெரியும், ஆனால் பெரும்பாலான சாயங்களுக்குச் செல்லைக் கொன்றாக வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் செர்னிக்கே. ஒளி செல்லுக்குள் புகுந்து வரும்போது ஏற்படும் சிறு பின்னடைவை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறைக்காக 1953-இல் நோபல் பரிசு பெற்றார். உங்கள் ஆய்வகத்தில் இருக்கும், கீழிருந்து மேலே பார்க்கும் நுண்ணோக்கி அந்த முறையில்தான் இயங்குகிறது.

பிளாஸ்க்கின் அடிப்புறத்தில், வெளிப்பக்கமாக, மார்க்கரால் ஒன்பது சிறு புள்ளிகள் வையுங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. தினமும் ஒரே நேரத்தில் அந்த ஒன்பது இடங்களையும் 10 மடங்கு லென்ஸில் படம் எடுங்கள். அழகாக வளர்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதனால் கிடைப்பது நம் விருப்பத்தின் படமே. ஓரங்களையும் மூலைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது தெரியும்.

படங்களிலிருந்து கன்ஃப்ளூயன்சியை, அதாவது தரையில் எவ்வளவு பங்கைச் செல்கள் மூடியிருக்கின்றன என்பதை மதிப்பிடுங்கள். கண்ணால் மதிப்பிட்டால் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ஒரே ஆள் தொடர்ந்து செய்யட்டும், அல்லது இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்-ஜே மென்பொருளில் எல்லாப் படங்களுக்கும் ஒரே அமைப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு அளவுகள் கிடைத்தாலே இரட்டிப்பு நேரம் தெரிந்துவிடும். 36 மணி நேரத்தில் 20 சதவீதம் 60 சதவீதமாகியிருந்தால் மூன்று மடங்கு. மூன்று மடங்காக 1.58 இரட்டிப்புகள் வேண்டும். 36-ஐ 1.58-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23 மணி நேரம். ஹீலாவுக்கு இது நல்ல எண். இந்தக் கணக்கு 70, 80 சதவீதம் வரைதான் செல்லும். அதற்கு மேல் செல்கள் நெருக்கியடித்து ஒன்றையொன்று சுருக்கிக்கொள்வதால், எண்ணிக்கை கூடினாலும் மூடிய பரப்பு கூடாது.

எண்ணை விட உருவம் கூடுதலாகப் பேசும். நன்றாக இருக்கும் வீரோ செல்கள் தட்டையாகப் பரவி, ஓரங்கள் தெளிவாக, தரையோடு படிந்து கிடக்கும். நடுவே ஆங்காங்கே உருண்டையாக, ஒளிவட்டத்தோடு மினுங்கும் செல்கள் இருக்கும். அவை சாகின்றன என்று நினைத்துப் புதியவர்கள் பயப்படுவதுண்டு. பெரும்பாலும் அவை இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள். பிளாஸ்க்கை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பிரிந்துகொண்டிருப்பவை தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இறந்தவை மீடியத்தோடு மிதந்து நகரும். உட்கருவைச் சுற்றி மணல் மணலாகப் புள்ளிகள், செல்லுக்குள் குமிழ்கள், ஓரங்கள் சுருங்கி உரிவது ஆகியவை தென்பட்டால் செல் சிரமத்தில் இருக்கிறது.

கிருமிகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஈஸ்ட் மணி கோத்தது போலத் தெரியும், சில மணிகளில் குட்டி மொட்டு இருக்கும். பூஞ்சை நூலாக ஓடும். பாக்டீரியா செல்களுக்கு இடையே துடிக்கும் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் தெரியாது: மைக்கோபிளாஸ்மா. அதற்குச் செல் சுவர் இல்லை, அளவும் மிகச் சிறியது. மீடியத்தைக் கலக்காது, உடனே மஞ்சளாக்காது, இந்த நுண்ணோக்கியில் தென்படாது. செல்களோடு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்து, உங்கள் முடிவுகள் அனைத்தையும் கெடுத்துவிடும். இந்தக் கட்டுரையின் எந்த முறையும் இதற்கு உதவாது. மாதம் ஒருமுறை, எப்படியும் மாற்றப்போகிற மீடியத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

நான்காம் படி: வீட்டைச் சோதிப்பது

இன்குபேட்டரின் திரையில் தெரியும் எண்கள் அந்தக் கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. வெளியிலிருந்து ஒரு சரிபார்ப்பு அவசியம்.

வெப்பநிலைக்கு, தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்க்குக்குள் தெர்மாமீட்டரின் முனையைச் செருகி, இரவு முழுக்கக் கதவைத் திறக்காமல் விட்டு, காலையில் திறந்தவுடன் முதலில் அதைப் படியுங்கள். காற்றில் தொங்கும் தெர்மாமீட்டர் கதவு திறந்த நொடியே இறங்கிவிடும். தண்ணீருக்குள் இருப்பது நின்று பதில் சொல்லும். மேல் தட்டு, கீழ் தட்டு, கதவோரம் என்று இடம் மாற்றி நான்கு இரவுகள் பாருங்கள். 37-க்கு அரை டிகிரி குறைந்தால் செல்கள் சற்று மெதுவாக வளரும், அவ்வளவுதான். கூடினால் அப்படியல்ல. 39, 40 டிகிரியில் பல செல் வகைகள் சில நாளில் அழிந்துவிடும். அதனால் எங்கள் இன்குபேட்டரை நான் 36.5-இல் வைத்திருக்கிறேன்.

ஈரத்துக்குத் தராசு போதும். சாட்சி பிளாஸ்க்கை வைக்கும் நாளிலேயே 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில், வெளிப்புறத்தில் படிந்த நீரைத் துடைத்துவிட்டு எடை போடுங்கள். ஒரு மில்லிலிட்டர் நீர் ஒரு கிராம். 5 மில்லிலிட்டரில் அரை கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு நீர் ஆவியாகிவிட்டது. உப்பு அங்கேயே இருக்கிறது, தண்ணீர்தான் போயிருக்கிறது. 290 மில்லியாஸ்மோலாக (கரைந்த பொருள்களின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) இருந்த மீடியம் 320-ஐத் தாண்டியிருக்கும். நிறத்தில் இது தெரியாது, நுண்ணோக்கியிலும் உடனே தெரியாது. செல்கள் மட்டும் காரணம் புரியாமல் சோர்ந்து வளரும். 96 குழித் தட்டு பயன்படுத்துகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓரக் குழிகள் முதலில் வற்றும். அந்த ஓரக் குழிகளில் வெறும் தண்ணீர் ஊற்றிவிட்டு நடுக் குழிகளில் சோதனை செய்வது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

எடை வேகமாகக் குறைந்தால் அடித்தட்டில் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். வாலை வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். அந்தத் தட்டு வற்றினால் வேறொரு கோளாறும் வரும். சில இன்குபேட்டர்களில் வாயு சென்சார் வெப்பக் கடத்தலை அளந்து வேலை செய்கிறது. ஈரம் மாறினால் அது தவறான எண்ணைச் சொல்லும். அகச்சிவப்பு சென்சாருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதுவும் காலப்போக்கில் தவறும். இரண்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைமீட்டர் வைத்துச் சரிபாருங்கள்.

வாயு சிலிண்டரைப் பற்றி யாரும் முதல் நாளில் சொல்லித் தருவதில்லை. அதன் பிரஷர் கேஜ் எவ்வளவு வாயு மிச்சம் என்று காட்டுவதில்லை. உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு துளி இருக்கும்வரை, 20 டிகிரியில் முள் ஏறக்குறைய 57 பார் அளவிலேயே அசையாமல் நிற்கும். நிறைந்த சிலிண்டரிலும் அதே 57, பாதி தீர்ந்ததிலும் அதே 57. முள் இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது, மிச்சம் வெறும் வாயு, விரைவில் முடியும். அன்றே மாற்றுங்கள். இன்னொன்று, 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு திரவமாக நிற்காது. சென்னையில் மே மாதத்தில் வெளி வராந்தாவில் நிற்கும் சிலிண்டருக்கு மேலே சொன்ன விதி பொருந்தாது. முள் வெயிலோடு ஏறி இறங்கும். அங்கே நம்பத்தக்க வழி சிலிண்டரை எடை போடுவதுதான். வெற்று எடை சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும்.

ஐந்தாம் படி: கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸிஜன்

பி.எச்.சுக்கு நிறம் இருக்கிறது, ஈரத்துக்கு எடை இருக்கிறது. ஆக்ஸிஜனுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனாலேயே அதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வெளிக்காற்றில் 21 சதவீதம் என்பதால் செல்லுக்கும் 21 கிடைக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். நீராவியும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் இடம் பிடித்துக்கொள்வதால் இன்குபேட்டருக்குள் அது 18.6 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதுவும் மீடியத்தின் மேற்பரப்பில். செல்கள் இருப்பதோ அடியில். ஆக்ஸிஜன் மேலிருந்து மெல்ல ஊர்ந்துதான் இறங்க வேண்டும்.

இங்கே மீடியத்தின் உயரம் முக்கியமாகிறது. டி-25 பிளாஸ்க்கில் 5 மில்லிலிட்டர் ஊற்றினால் உயரம் 2 மில்லிமீட்டர். டி-75-இல் 15 மில்லிலிட்டருக்கும் அதே 2 மில்லிமீட்டர். வார இறுதியில் மீடியம் தீர்ந்துவிடக் கூடாதென்று இரு மடங்காக ஊற்றினால் உயரம் 4 மில்லிமீட்டர் ஆகிறது. அடியிலுள்ள செல்லுக்கு இறங்கக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவு பாதியாகிறது. செல்கள் நிறைந்த பிளாஸ்க்கில் தரையோரம் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துவிடலாம். அப்போது செல்கள் குளுக்கோஸைக் கூடுதலாக எரித்து லாக்டிக் அமிலத்தைக் கொட்டும், நிறம் மஞ்சளாகும், நீங்கள் பசி என்று நினைத்து இன்னும் அதிகமாக மீடியம் ஊற்றுவீர்கள். கருவி வாங்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: சனி, ஞாயிறுக்காக அதிகம் ஊற்றாதீர்கள், குறைவான செல்களோடு தொடங்குங்கள்.

அளக்கவே வேண்டுமென்றால் ஒளிர் சென்சார் பொட்டுகள் கிடைக்கின்றன. பிளாட்டினமோ ருத்தேனியமோ கொண்ட சாயம் பூசிய சிறு வட்டம் அது. பிளாஸ்க்கின் உள்தரையில் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து, பிளாஸ்டிக் சுவர் வழியாக, ஒளிக்குழல் ஒன்று அதன்மேல் ஒளியைப் பாய்ச்சும். சாயம் பதிலுக்கு ஒளிரும். பக்கத்தில் ஆக்ஸிஜன் மூலக்கூறு வந்து மோதினால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அணையும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதிலிருந்து ஆக்ஸிஜனின் அளவு வருகிறது. வெளிச்சத்தின் பிரகாசத்தை விட அணையும் நேரத்தை அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். குழல் கொஞ்சம் நகர்ந்தாலும், சாயம் சற்று வெளுத்தாலும் அதன் எண் எளிதில் மாறாது. பி.எச்.சுக்கும் இதே மாதிரிப் பொட்டுகள் உண்டு.

பொட்டை வாங்கியவுடன் இரண்டு நிலைகளில் அளவுதிருத்தம் செய்ய வேண்டும்: ஆக்ஸிஜனே இல்லாத நிலை, காற்று நிறைந்த நிலை. முதலாவதற்கு நைட்ரஜன் ஊதலாம், அல்லது தனியாக வைத்த ஒரு பொட்டில் சோடியம் சல்ஃபைட் கரைசல் ஊற்றலாம். அந்தக் கரைசல் பட்ட பொட்டைச் செல் பிளாஸ்க்கில் பயன்படுத்தாதீர்கள். இரண்டையும் 37 டிகிரியிலேயே செய்யுங்கள். அறை வெப்பத்தில் திருத்திவிட்டு இன்குபேட்டரில் படித்தால் எண் பிழையாக வரும். வினாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டிய அவசியம் இல்லை. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு ஒளிப்பாய்ச்சலும் சாயத்தைக் கொஞ்சம் தேய்க்கிறது.

ஆறாம் படி: பிறகு வாங்கக்கூடியவை

இரண்டு கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. முதலாவது மின்தடை அளவீடு. இவார் கீவர், சார்லஸ் கீஸ் இருவரும் 1984-இல் இதை வெளியிட்டார்கள். கீவர் வேறொரு கண்டுபிடிப்புக்காக 1973-இலேயே இயற்பியல் நோபல் பெற்றவர். தரையில் சிறு தங்க மின்முனை. அதன்மேல் செல்கள் ஒட்டிப் பரவப் பரவ மாறுமின்னோட்டம் போவது கடினமாகிறது. செல் மின்சாரத்துக்குக் குறுக்கே நிற்கிறது. ஒட்டுவது, பரவுவது, மருந்து பட்டுச் சுருங்குவது எல்லாம் நிமிடக் கணக்கில் கோடாக வரும். கோடு இறங்கியதென்றால் செல் இறந்ததா, வெறுமனே சுருங்கியதா என்று அது தனியாகச் சொல்லாது. நுண்ணோக்கியும் சேர்ந்தால்தான் தெரியும்.

இரண்டாவது, இன்குபேட்டருக்குள்ளேயே வைக்கும் சிறு நுண்ணோக்கி. பல மணி நேரம் தொடர்ந்து படம் எடுக்கும். கதவைத் திறக்கும் தேவையே இல்லாமல் போகும். ஆனால் ஒளியும் ஒரு தொடுகைதான். நீல ஒளி பட்டால் மீடியத்திலுள்ள ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) செல்லுக்குக் கேடான ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கும். ஹெப்பிஸ் இருந்தால் இன்னும் கூடும். சிவப்பு ஒளி, குறைந்த வெளிச்சம், படம் எடுக்கும் நொடியில் மட்டும் விளக்கு எரிவது ஆகிய மூன்றையும் அமைத்துவிட்டு, வெளிச்சமே படாத ஒரு பிளாஸ்க்கை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வாங்காமலே செய்யக்கூடியது ஒன்று மிச்சம். மீடியம் மாற்றும் நாளில் பழையதைக் கொட்டுவதற்கு முன் ஒரு சொட்டை மருந்துக்கடையில் கிடைக்கும் சர்க்கரை மீட்டரில் வைத்துப் பாருங்கள். அதிகக் குளுக்கோஸ் உள்ள டி.எம்.ஈ.எம்.மில் லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். அந்த மீட்டர் இரத்தத்துக்காகச் செய்யப்பட்டது, மீடியத்தில் எண் விலகும். ஆகவே புதிய மீடியத்தைக் குளுக்கோஸ் இல்லாத மீடியத்தில் முழு, பாதி, கால் என்று கலந்து உங்கள் மீட்டருக்கென ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்ளுங்கள். அதன்பின் செல்கள் எவ்வளவு தின்றன என்பது கொட்டப்போகும் திரவத்திலிருந்தே கிடைக்கும்.

நோட்டு

இன்குபேட்டர் கதவிலேயே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி: நேரம், வெளித் தெர்மாமீட்டரின் எண், சாட்சியின் நிறம், சாட்சியின் எடை, செல் பிளாஸ்க்கின் நிறம், கன்ஃப்ளூயன்சி, சிலிண்டர் நிலை. மின்சாரம் போனதா, யாராவது கதவை நெடுநேரம் திறந்து வைத்தார்களா என்பதையும் எழுதுங்கள். மின்வெட்டின்போது கதவைத் திறக்கவே வேண்டாம். மூடியிருக்கும் இன்குபேட்டர் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு முறைக்கு மேல் திறக்காதீர்கள். காலை முறையில் எல்லா அளவுகளும். மாலையில் நிறம் மட்டும், கண்ணாடி உட்கதவு வழியாகவே. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கூடுதலாக மூன்றைப் பாருங்கள்: தண்ணீர்த் தட்டு நிறைந்திருக்கிறதா, சிலிண்டரின் எடை திங்கள் வரை தாங்குமா, 60 சதவீதத்தைத் தாண்டிய பிளாஸ்க் ஏதாவது இருக்கிறதா. இருந்தால் அன்றே பிரித்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.